விருத்தாம்பாள் வாய்மேல் ஒரு பிராது

புருசன் பாவாடை அவள் மருந்து அட்டையைச் சாக்கடையில் வீசியதுகூடப் பெரிதில்லை. வீசிவிட்டு, வீட்டுக்குள் புகுந்த பாம்பை அடித்துப் போட்டவன் மாதிரி கையைத் தட்டிக்கொண்டு உள்ளே வந்தானே, அதைப் பார்த்ததும்தான் விருத்தாம்பாளுக்கு உச்சந்தலை வரைக்கும் பற்றிக்கொண்டு வந்தது.

“என்னாய்யா பண்ண?”

“நிக்கோட்டின்னு இங்கிலீசுல போட்டிருக்குது அதுல. எனக்குப் படிக்கத் தெரியாதுன்னு நெனச்சியா? வாட்சப்புல வந்திருக்குது. பயிருக்கு அடிக்கற பூச்சிமருந்தாம் அது. ஒரு சொட்டு போதுமாம், ஆளு காலி. அதப் போயி முட்டாய் கணக்கா மென்னுக்கிட்டுத் திரியற.”

“டாக்டரம்மா எழுதிக் குடுத்ததுய்யா அது!”

“அவங்க ஆயிரம் எழுதுவாங்க. டீக்கடையில எனக்குத் தல காட்ட முடியல. கம்மு மென்னுக்கிட்டு உன் பொண்டாட்டி என்னா கிரிக்கெட்டு ஆடப் போவுதான்னு கேக்கறானுங்க.”

அப்படிச் சொல்லு. பூச்சிமருந்து பயமெல்லாம் சும்மா. டீக்கடையில் நாலு பேர் சிரித்துவிட்டார்கள், அதுதான் ஐயாவுக்குக் குடைச்சல். சரக்கு ஆட்டோ ஓட்டுகிறவனுக்கு டீக்கடைதான் கோர்ட்டு, அங்கே உட்கார்ந்திருக்கிற வெட்டிப்பயல்கள்தான் ஜட்ஜு.

விருத்தாம்பாளுக்கு வேலை செராமிக் தொழிற்பேட்டையில், ஒரு பொம்மைக் கம்பெனியில். கூழாகக் கரைத்த களிமண்ணைப் பிளாஸ்டர் அச்சில் ஊற்றி, இறுகியதும் பிரித்தெடுத்து, பொம்மையின் விலாவில் துருத்தி நிற்கும் விளிம்பை ஈரப் பஞ்சால் துடைத்து வழவழப்பாக்க வேண்டும். பொழுதுக்கும் இரண்டு கையிலும் மண். வாய் ஒன்றுதான் சும்மா இருக்கும். அங்கே வேலை செய்யும் பெண்களில் பாதிப் பேர் அந்த வாய்க்குள் புகையிலையை அதக்கிக்கொண்டிருப்பார்கள். காலையில் கன்னத்தில் ஒதுக்கிவிட்டால் டீ வருகிற வரைக்கும் பசி தெரியாது, இடுப்புவலி தெரியாது, மேஸ்திரி கத்துவது காதில் விழாது. விருத்தாம்பாளும், அவள் பக்கத்திலேயே உட்காரும் அன்பரசியும் ஒரே சுருக்குப்பைக்குள்தான் கையை விடுவார்கள். அன்பரசி பாவாடைக்குத் தங்கை, அடுத்த வீட்டுக்காரி. இதை ஒருத்தரும் ஒரு நாளும் குற்றமாகச் சொன்னதில்லை. கல்யாண வீட்டில் வெற்றிலைத் தட்டில் வைத்து மரியாதையோடு நீட்டுகிற பொருளுக்கு யார் என்ன சொல்லப்போகிறார்கள்?

அந்த மரியாதையான பொருள்தான் அவள் கன்னத்தின் உள்பக்கத்தில், தான் குடியிருந்த அதே இடத்தில், வெள்ளையாக ஒரு படையை வளர்த்துவைத்திருந்தது. குழம்பு பட்டால் உயிர் போனது. அரசு ஆஸ்பத்திரியில் பல் டாக்டர் மோகனப்பிரியா டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு மழுப்பாமல் சொன்னாள்.

“இது இன்னும் புற்றுநோய் ஆகலம்மா. ஆனா அந்த வழியிலதான் நிக்குது. புகையிலைய இன்னிக்கே விடுங்க. அடுத்த தடவ வரும்போது தடிச்சிருந்தா துண்டு வெட்டி சோதனைக்கு அனுப்பணும்.”

அன்றைக்கே விட்டாள். விட்டதும் கை நடுங்கியது, தூக்கம் போனது, பிரித்தெடுத்த பொம்மைகள் கைதவறி உடைந்தன, மேஸ்திரியிடம் வாங்கிக் கட்டிக்கொண்டாள். ஒரு வாரம் பல்லைக் கடித்தாள், அப்புறம் மறுபடியும் அன்பரசியின் சுருக்குப்பைக்குள் கை போய்விட்டது. வெட்கத்தோடு ஆஸ்பத்திரிக்குத் திரும்பிப் போனபோதுதான் டாக்டர் சூயிங்கம் மாதிரி மெல்லுகிற அந்தக் கம்மை எழுதிக் கொடுத்தாள்.

“உங்களப் போட்டு இழுக்கறது புகையிலையில இருக்கற நிக்கோட்டின். வாயைக் கெடுக்கறது பெரும்பாலும் அது இல்ல, அதுகூடவே அந்த எலையில இருக்கற மத்த நஞ்செல்லாம். இந்தக் கம்முல அந்த இழுக்கறது மட்டும் கொஞ்சமா இருக்கு. அதுக்காக இதுவும் ஒண்ணும் நல்ல பிள்ளையில்ல. இதையும் கொறச்சுக் கொறச்சு விட்டுடணும். நெஞ்சு படபடன்னு அடிச்சா ஒடனே வந்து சொல்லுங்க.”

முதல் நாள் வெற்றிலை மாதிரி மென்று சாறையெல்லாம் விழுங்கிவைத்தாள். விக்கல் எடுத்தது, நெஞ்சு காந்தியது. அதைப் பார்த்து அன்பரசி அச்சுப் பலகைமேல் தலையை வைத்துச் சிரித்தாள். அப்புறம் பிடிபட்டது. நாலு கடி கடித்து, நாக்கில் மிளகு மாதிரி சுருக்கென்றதும் கன்னத்தில் ஒதுக்கிவிட வேண்டும். ஒதுக்குவதை அவளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. புகையிலை போட்ட மாத்திரத்தில் வருகிற அந்தக் கிறுகிறுப்பு இதில் இல்லை. வேர்வை இல்லை, காது அடைப்பது இல்லை, உப்புச்சப்பில்லாத சாமான். ஆனால் கை நடுங்கவில்லை. பொம்மை உடையவில்லை. கொஞ்ச நாளில் குழம்பு பட்டால் எரிகிற எரிச்சலும் மட்டுப்பட்டது. கண்ணாடி முன்னால் கன்னத்தை இழுத்துப் பார்த்தபோது அந்த வெள்ளை கொஞ்சம் மங்கின மாதிரி இருந்தது. அன்றைக்கு அவள் தனியாகச் சிரித்தாள்.

அந்த அட்டைதான் இப்போது சாக்கடையில்.

“கெளம்பு,” என்றான் பாவாடை. “இன்னிக்கு கரண்டு நிறுத்தம், உனக்கும் வேல இல்ல. கொளஞ்சியப்பர் கோயில்ல பிராது கட்டிப்புடறேன். சாமி சொன்னாத்தான் நீ கேப்ப.”

விருத்தாசலத்துக்காரர்களுக்கு விளக்க வேண்டாம். மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். மணவாளநல்லூர்க் கொளஞ்சியப்பரிடம் குறையைப் போலீசுக்கு எழுதுகிற மாதிரி மனுவாக எழுதி, சன்னதியில் வைத்துப் பூசை பண்ணி, அங்கேயே இருக்கிற முனியப்பருக்கு முன்னால் கட்டிவிட்டு வரலாம். மாடு காணாமல் போனவன் கட்டுவான், நிலத்தை ஏமாந்தவன் கட்டுவான், குடிகாரனைக் கட்டிக்கொண்டவள் கட்டுவாள். புகையிலையை விட்ட பெண்டாட்டிமேல் பிராது கட்டப் போன புண்ணியவான் பாவாடை ஒருத்தனாகத்தான் இருப்பான்.

அவள் ஏன் போனாள்? போகாவிட்டால் அவன் தனியாகப் போய், இல்லாததையும் பொல்லாததையும் எழுதிவைப்பான். அதைவிட நேரில் நின்று கேட்பது மேல். சாட்சிக்கென்று அன்பரசியும் தொற்றிக்கொண்டாள். பெண்கள் இரண்டு பேரும் வண்டியின் பின்னால் உட்கார்ந்து வந்தார்கள். வழியெல்லாம் விருத்தாம்பாளுக்குத் தலை கனத்தது, விரல் நடுங்கியது, எதிரே வருகிறவனையெல்லாம் அறையலாம் போல இருந்தது. பாதிக் கோபம், பாதி கம் இல்லாத வாய்.

கோயிலுக்கு வெளியே மரத்தடியில் வண்டி நின்றதும் அன்பரசி சுருக்குப்பையைத் திறந்தாள். அந்த வாசனை மூக்கில் ஏறியது. ஏறியதும் விருத்தாம்பாளின் வாயெல்லாம் எச்சில் ஊறிவிட்டது. வெட்கங்கெட்ட வாய்.

“இந்தா அண்ணி. கை எப்புடி ஆடுது பாரு. ஒரு துணுக்குப் போடு, எல்லாம் அடங்கிரும்.”

புகையிலைத் துண்டு அவள் உள்ளங்கைக்கு வந்துவிட்டது. அவள் வாங்கினாளா, அவள் கை வாங்கியதா என்று அவளுக்கே தெரியாது. மூடிக்கொண்டு நின்றாள். வண்டிச் சாவியை எடுத்துக்கொண்டு வந்த பாவாடை அதைப் பார்த்தான். தடுப்பான் என்று ஒரு நொடி நம்பினாள்.

“போட்டுக்கோயேன். இத்தினி நாளு போட்டதுதான. இது செடியில வெளஞ்ச எலை, மண்ணுல மொளச்சது. ஃபேக்டரியில காச்சி எடுக்கற அந்த வெஷத்துக்கு இது எவ்வளவோ மேலு.”

வாயைத் திறந்தால் என்ன வரும் என்று அவளுக்கே பயமாக இருந்தது. கையை மூடியபடியே அவன் பின்னால் நடந்தாள்.

மனு எழுதுகிற பெரியவர் பலகையை மடியில் வைத்துக்கொண்டு பேனாவைத் திறந்தார்.

“சொல்லுங்கய்யா. யார்மேல?”

“என் சம்சாரத்து மேலதாங்க. நிக்கோட்டினுக்கு அடிமையாயிட்டா. அத வுட வெக்கணும்.”

“அப்படின்னா என்னாய்யா?”

“பொயலையில இருக்கறதுங்க. வெஷம்.”

“பொயலைய வுட வெக்கணும், அவ்வளவுதான? அப்படியே எழுதிடறேன்.”

“இல்லல்ல, பொயலைய வுட்டுட்டா. அது பரவால்ல. இப்ப ஒரு கம்மு மெல்றா.”

பெரியவரின் பேனா நின்றது. “பொயலைய வுட்டுட்டாங்களா?”

“ஆமாங்க.”

“வுட்டவங்க மேல நான் என்னான்னுய்யா பிராது எழுதறது?”

பின்னால் வரிசையில் நின்றவர்கள் சிரித்துவிட்டார்கள். டீக்கடையில் வாங்கியது போதாதென்று இங்கேயும் வாங்கிக்கொண்ட பாவாடை முகம் சிவந்து, “படிச்சவரு மாதிரி பேசாதீங்க, சொல்றத எழுதுங்க” என்றான்.

அவ்வளவுதான். விருத்தாம்பாள் உள்ளங்கையை விரித்து அந்தப் புகையிலையைப் பலகைமேல் போட்டாள்.

“எழுதறதுன்னா இதுமேல எழுதுங்க. இத எனக்குச் சந்தையில வாங்கியாந்து குடுத்தவன் மேல எழுதுங்க. கட்டிக்கிட்டு வந்த நாள்லருந்து பூவும் பொயலையும் ஒரே எலையில மடிச்சு வாங்கியாருவான். அன்னிக்கெல்லாம் வெஷமில்ல. அது என் வாயத் தின்னுக்கிட்டு இருந்தப்ப வெஷமில்ல. அதுலருந்து நான் தப்பிக்கறதுக்கு ஒரு மருந்து எடுத்தா அது வெஷமா?”

“ஏ புள்ள, கோயிலு, மெதுவா பேசு.”

“பேச மாட்டன். பாருய்யா!”

கன்னத்துக்குள் விரலைக் கொக்கி போட்டு இழுத்து, வாயைத் திறக்கிற மட்டும் திறந்தாள். வெயில் நேராக உள்ளே விழுந்தது. பாவாடை முதலில் முகத்தைத் திருப்பினான். அவள் அவன் தாடையைப் பிடித்துத் திருப்பி இந்தப் பக்கம் வைத்தாள். பார்த்தான்.

“இது… இவ்வளவு இருக்குதா? எனக்கெங்க தெரியும்?”

“நீ எங்கய்யா கேட்ட? ஆஸ்பத்திரி கேட்டுல எறக்கி வுட்டுட்டு லோடு இருக்குதுன்னு போனவன்தான நீ. என்னா சொன்னாங்கன்னு ஒரு வார்த்த கேட்டியா? வாட்சப்பு சொன்னத கேட்ட. டீக்கடை சொன்னத கேட்ட. இது கொறஞ்சுக்கிட்டு இருந்துச்சுய்யா. கண்ணால பாத்தன். அதத்தான் காலையில சாக்கடையில போட்ட.”

சிரித்தவர்கள் இப்போது சிரிக்கவில்லை. பெரியவர் வெற்றுத் தாளை மடித்துவைத்துவிட்டு, “வூட்டுக்குப் போயி பேசிக்கங்கம்மா” என்றார். பாவாடை வண்டியைப் பார்த்து நடந்தான். கொஞ்ச தூரம் போய்த் திரும்பி, “அந்தக் கம்மு எந்த மெடிக்கல்ல கெடைக்கும்?” என்று கேட்டான். அவளுக்கு அதற்கும் கோபம்தான் வந்தது. இதைக் காலையில் கேட்டிருந்தால் என்ன?

“அண்ணி.”

அன்பரசி குழாயடியில் நின்றிருந்தாள். அதக்கியிருந்ததைத் துப்பிவிட்டு வாயைக் கொப்பளித்திருந்தாள், தாடையில் தண்ணீர் சொட்டியது. இத்தனை நேரமும் இவள் சத்தமே இல்லை என்பது அப்போதுதான் விருத்தாம்பாளுக்கு உறைத்தது. அடுத்த திட்டு இவளுக்குத்தான் என்று கிட்டே போனாள்.

“அண்ணி, உன்னுது அவ்ளோதானா? வெள்ள மட்டுந்தானா?”

“ஏன், பத்தாதா உனக்கு?”

அன்பரசி வாயைத் திறந்தாள். முழுசாகத் திறக்க முடியவில்லை, இரண்டு விரல் நுழைகிற அளவுதான். கன்னத்தின் உள்ளே வெள்ளையும் சிவப்புமாக ஒரு திட்டு, கரடுதட்டி, நடுவில் பிளந்த புண். கொப்பளித்த தண்ணீரோடு ரத்தம் இன்னும் கசிந்துகொண்டிருந்தது.

“எத்தினி நாளாடி?”

“தீவாளிக்கு முன்னாலருந்து.”

“பக்கத்துலதானடி குந்தியிருக்கறன்! ஏண்டி சொல்லல?”

“சொன்னா பொயலைய புடுங்கிருவீங்கன்னு.” அன்பரசி தாடையில் சொட்டிய தண்ணீரைத் துடைத்தாள். “நீ அந்தக் கம்ம மெல்றப்பல்லாம் எனக்குப் பயமா இருக்கும் அண்ணி. அதான் சிரிச்சன். சிரிக்கலன்னா அழுதுருவன். எனக்கும் ஒண்ணு வாங்கிக் குடேன். அதப் போட்டா இது கரைஞ்சிருமா?”

விருத்தாம்பாளின் கை ஓங்கிவிட்டது. இவ்வளவு நாளும் தன்னைப் பார்த்துக் கெக்கலித்த வாய், கொஞ்ச நேரத்துக்கு முன்னால் தன் கையில் புகையிலையைத் திணித்த கை, அத்தனைக்கும் சேர்த்து ஓங்கி ஒன்று வைக்கத்தான் போனாள். ஆனால் எந்தக் கன்னத்தில் அடிப்பது? ஓங்கின கையால் அவள் மணிக்கட்டைப் பிடித்து இழுத்தாள்.

“அது கரைக்காதுடி, பைத்தியம். பொயலை கேக்கற வாய அடக்கும், அவ்ளோதான். கரையுமா, வெட்டணுமான்னு டாக்டரம்மாதான் சொல்லணும். நட!”

வண்டியருகே பாவாடை காத்திருந்தான். “மெடிக்கலுக்குத்தான?” என்றான்.

“மெடிக்கல் அப்புறம். ஓ.பி. சீட்டு குடுக்கறத நிறுத்தறதுக்குள்ள ஆஸ்பத்திரிக்கு ஓட்டு. உன் தங்கச்சி வாய வந்து பாரு மொதல்ல.”

அவன் செல்போன் வெளிச்சத்தை அடித்துப் பார்த்தான். உடனே வண்டியை எடுத்தான். போகிற வழியெல்லாம் விருத்தாம்பாள் அன்பரசியைத் திட்டிக்கொண்டே வந்தாள். மூளை இருக்கா, வாய் எதுக்கு இருக்கு, இத்தினி மாசம் என்னாத்த பூட்டிவெச்சிருந்த என்று மூச்சு விடாமல் திட்டினாள். திட்டுவதை நிறுத்தினால் அழுகை வந்துவிடும் என்று அவளுக்குத் தெரியும். பிடித்த கையை மட்டும் ஆஸ்பத்திரி வரைக்கும் அவள் விடவில்லை.