ஏரியின் பெயர் இந்தக் கதையில் இல்லை

1

இதை என் கணவர் எழுதச் சொன்னார். முதலிலேயே ஒத்துக்கொண்டுவிடுகிறேன். கல்யாணமான நாளிலிருந்து என் கதைகளில் ஒன்றைக்கூட முழுதாகப் படிக்காத மனிதர், ஒரு ஞாயிற்றுக்கிழமை காபியோடு வந்து எதிரே உட்கார்ந்தார்.

"உன் கதைய ஜமீர் படிப்பான் இல்ல? எங்க விஷயத்த எழுதேன் வித்யா. நான் போய் நின்னா மூஞ்சி குட்த்துப் பேச மாட்றான். கதையா வந்தா மனசு எறங்குவான்."

ஆக, வாசகரே, இது ஒரு தூது. கிளியையும் அன்னத்தையும் தூது விட்ட மொழியில் இவர் பெண்டாட்டியைத் தூது விடுகிறார்.

2

முதல் தொடக்கம்: "விடியலின் பொன்னொளியில் அந்த ஏரி ஒரு கண்ணாடியைப் போல—"

வேண்டாம். விடியலில் அங்கே தெரிவது ஆகாயத்தாமரை, பிளாஸ்டிக் கவர், குளிக்க இறங்கிய எருமை.

இரண்டாம் தொடக்கம்: "பூந்தமல்லிக்கு மேற்கே, [இங்கே ஓர் அடையாளம் இருந்தது. எழுதிவிட்டு அடித்தேன். ஏன் என்று பின்னால் தெரியும்] ஒட்டினாற்போல் ஓர் ஏரி."

மூன்றாம் தொடக்கம்: "சரவணக்குமார், ஜமீர் என்று இரண்டு நண்பர்கள்."

இதுவே போதும். சரவணக்குமார் என் கணவர். மண்ணூர்பேட்டையில் பிறந்து வளர்ந்து, இப்போது திருமுல்லைவாயில் அடுக்குமாடியில் இருந்துகொண்டு கம்ப்யூட்டர் கம்பெனிக்குப் போய்வருபவர். வீட்டில் 'அவர்'. கதைக்குள் 'அவன்' என்று எழுதப்போகிறேன். கதை எழுதுவதில் கிடைக்கும் சில்லறைச் சந்தோஷங்களில் அதுவும் ஒன்று. ஜமீர், பூந்தமல்லியில் மோட்டார் காயில் கட்டும் கடை வைத்திருப்பவர். அவருக்கு மரியாதை குறைக்க மனசு வரவில்லை. கதையிலும் அவர் 'அவர்'தான். (இங்கேயே நான் யார் பக்கம் என்று தெரிந்துவிட்டது. நல்ல கதைசொல்லி இதை மறைத்திருப்பாள்.)

ஞாயிறுதோறும் இருவரும் எங்கள் காரில் கிளம்புவார்கள். ஆவடிப் பக்கம் ராணுவ இடங்கள் அதிகம், ட்ரோன் பறக்கவிட முடியாது. அதனால் மேற்கே போவார்கள். இடிந்த மண்டபம், கைவிட்ட செங்கல் சூளை, பனைமர வரிசை, பெயர் தெரியாத ஏரிகள். ஜமீர் கீழே கேமராவோடு உட்கார்ந்துகொள்வார். அவன் மேலே ட்ரோனை அனுப்புவான். ஒரே இடத்தை ஒருவர் தரையிலிருந்தும் ஒருவர் வானத்திலிருந்தும் எடுத்து, திரும்பும் வழியில் திருவேற்காட்டில் டீ குடித்தபடி ஒப்பிட்டுப் பார்ப்பார்கள். அவன் சிரித்த முகமாக வீட்டுக்கு வந்தது அந்த நாட்களில்தான். என்னோடு சினிமாவுக்குப் போய்வந்த நாட்களில்கூட இல்லை.

3

அந்த ஏரியில் ஜமீர் ஒரு கூடு கண்டுபிடித்தார். தாமரைக்கோழி. நீளமான வால், இலைமேல் நடந்து போகும் விரல்கள். மிதக்கும் இலைகளுக்கு நடுவில் நான்கு முட்டைகள், தேய்த்துவைத்த வெண்கலம்போல் பளபளப்பு.*

[*பெண் முட்டையிட்டுவிட்டுப் போய்விடுமாம், அடைகாப்பது ஆண்தானாம். ஜமீர் இதைச் சொன்னபோது நான் என் கணவரைப் பார்த்தேன். அவர் பேட்டரியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.]

பறவைப் படம் எடுப்பவர்களிடம் ஒரு கட்டுப்பாடு உண்டு. குஞ்சு இறங்கிப் போகும்வரை கூட்டுப் படத்தை வெளியே காட்டக் கூடாது. இடத்தின் பெயரைக் கூடப்பிறந்தவனிடமும் சொல்லக் கூடாது. கல்லடி பட்டாலும் கண்ணடி படக் கூடாது என்று நம் வீடுகளில் சொல்வார்களே, அது இவர்களுக்குப் பறவை விஷயத்தில் சட்டம். ஜமீர் தன் மனைவி மஹ்ஜபீனிடம்கூட ஏரியின் பெயரைச் சொன்னதில்லை. சரவணக்குமாரை மட்டும் கூட்டிப்போனார்.

அவன் ட்ரோனைக் கிளப்பினான். ரொம்ப உயரத்தில்தான். ஆனாலும் பறவை எழுந்து நின்றுவிட்டது.

"எறக்கு மச்சான். மிரள்து பாரு."

"ரெண்டே நிமிஷம்டா."

அந்த இரண்டு நிமிஷத்தை அவன் இணையத்தில் போட்டான். 'சென்னைக்கு மேற்கே ஒரு ரகசிய ஏரி' என்று தலைப்பு. கட்டுப்பாட்டை மீறவில்லை என்றே நம்பினான். ஏரியின் பெயர் இல்லை, ஊரின் பெயர் இல்லை, ஜமீரின் பெயரும் இல்லை. ஆனால் வீடியோ தொடங்குவது ஏரிக்கரையில் உள்ள [மேலே அடித்த அதே அடையாளம்] மேலிருந்து. ட்ரோன் அதைச் சுற்றி அழகாக ஒரு வட்டம் அடித்துவிட்டு, நேராகக் கூட்டுக்குப் போகிறது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது என்பார்கள். இவன் பூசணிக்காயைப் பந்தியில் வைத்துவிட்டு, காம்பை மட்டும் மறைத்திருந்தான்.

4

இந்த இடத்தில் கதை நின்றுவிட்டது.

அவனை வில்லனாக்கிப் பார்த்தேன். "புகழ்வெறி பிடித்த சரவணக்குமார் குரூரமாக—" பொருந்தவில்லை. வீட்டில் பல்லியை அடிக்கவிடாத ஆள். அப்பாவியாக்கிப் பார்த்தேன். அதுவும் நிற்கவில்லை. பறவை எழுந்து நின்றதை அவன் திரையில் பார்த்திருக்கிறான். பார்த்துக்கொண்டே படம் எடுத்திருக்கிறான். தனக்குத் தெரிந்த தப்பை மட்டும் செய்யாமல் இருந்துவிட்டால் தான் நல்லவன் என்று நினைக்கும் சாதாரண ஆள் அவன். அப்படிப்பட்டவனை வைத்துக் கதை எழுதுவது கஷ்டம், குடித்தனம் நடத்துவது அதைவிடக் கஷ்டம்.

5

அடுத்த ஞாயிறு நானும் உடன் போனேன். கரையில் வண்டி நிறுத்த இடமில்லை. எங்கு பார்த்தாலும் நீளநீளமான லென்ஸ். தலைக்கு மேலே வேறு யாருடையவோ இரண்டு ட்ரோன்கள் ரீங்காரம் போட்டுக்கொண்டிருந்தன. ஒருவர் லாரி ட்யூபில் படுத்துக் கையால் துழாவிக்கொண்டே இலைகளுக்குள் போய்க்கொண்டிருந்தார். தாமரைக்கோழி எட்டப் போய் நின்று கத்தியது. திரும்பி வரப் பார்த்தது, முடியவில்லை. அதற்குள் காக்கைகள் வந்துவிட்டன. காக்கை முட்டைகளைக் கொத்துவதையும் எல்லோரும் படம் எடுத்தார்கள்.

ஜமீர் கேமராவைப் பையிலிருந்து எடுக்கவே இல்லை.

"மச்சான், நான் பேரு போடலடா," என்றான் இவன்.

"பேரு இன்னாத்துக்கு? அட்ரஸயே காட்டிகினு கீறியே."

அவ்வளவுதான் சொன்னார். எங்களோடு வண்டியில் ஏறவில்லை. ஷேர் ஆட்டோ பிடிக்க மெயின் ரோட்டை நோக்கி நடந்தார். அன்றோடு ஞாயிற்றுக்கிழமைகள் நின்றன. வீட்டில் அவன் பேசுவதும் பாதியாகிவிட்டது. எனக்கு அவன்மீது கோபம், பரிதாபம், இரண்டும் சேர்ந்து ஓர் எரிச்சல்.

6

இதுவரை எழுதியதை அவர் படித்தார். [கதைக்கு வெளியே வந்துவிட்டோம், ஆகவே மறுபடி 'அவர்'.]

"நல்லாத்தான் கீது. கடசீல அந்தப் பட்சி திரும்பி வந்து வேற கூடு கட்டுச்சுன்னு போட்டுடு. ஜமீரும் நானும் ஒண்ணா நின்னு பாக்குற மாரி."

எழுதலாம். பறவை ஒரே பருவத்தில் மறுபடி முட்டையிடுவது உண்டாம், பொய்யென்றும் சொல்ல முடியாது. பாதி எழுதியும் விட்டேன்: "ஆவணி மழைக்குப் பின் ஒரு காலை, இலைகளுக்கு நடுவே—"

அது நிஜமாகவே நடந்திருக்குமா என்று கேட்க மஹ்ஜபீனுக்குப் போன் போட்டேன்.

"அந்த ஏரிப் பக்கமே அவுங்க போறதில்ல வித்யாக்கா. இன்னும் கூட்டம் வந்துகிட்டேதான் இருக்காம். வீடியோவ நெட்லேர்ந்து எடுத்தாதானே அடங்கும்? அண்ணன்கிட்ட அவுங்க கேட்டது அது ஒண்ணுதான். அன்னிக்கு ராத்திரியே போன் போட்டுக் கேட்டாங்க."

எனக்குத் தெரியாது. என்னிடம் சொல்லப்படவில்லை. மன்னிப்பின் விலை ஒரு பொத்தான் என்று தெரிந்துகொண்டே, அதை அமுக்க மனமில்லாமல், என்னைக் கதை எழுத உட்கார வைத்திருக்கிறார்.

"ஜமீர் வீடியோவ அழிக்கச் சொன்னாராமே?"

அவர் கையிலிருந்த போனைக் கவிழ்த்து வைத்தார்.

"அத்தப் பாத்துட்டுதான் ரெண்டு எடத்துலேர்ந்து ஷூட்டுக்குக் கூப்ட்டுகிறாங்க. அந்த மாரி ஷாட் எனுக்கு இனிமே அமையாது வித்யா. முட்டதான் பூட்ச்சே. இப்ப அழிச்சு இன்னா பிரயோஜனம்?"

7

முடிவுகள்.

அ. அவன் வீடியோவை அழிக்கிறான். நண்பர்கள் சேர்கிறார்கள். [நடக்கவில்லை.]

ஆ. பறவை திரும்பி வருகிறது. [வந்தால் அதையும் தேடி வருவார்கள்.]

இ. மனைவி அழிக்கிறாள். கடவுச்சொல் எனக்குத் தெரியும். போனில் அவர் பக்கத்தைத் திறந்து, பொத்தான்மேல் விரலை வைத்தும் பார்த்தேன். அழித்தால் இவர் நாளைக்கே பூந்தமல்லி போய், தானே அழித்துவிட்டதாகச் சொல்வார். ஜமீர் நம்பிவிடுவார். போனை வைத்துவிட்டேன். அது சரியா என்று இப்போதும் தெரியவில்லை. அந்த ஏரிக்கு இன்றும் யாரோ வண்டியில் கிளம்பியிருப்பார்கள்.

8

மற்ற வாசகர்கள் இங்கேயே எழுந்துகொள்ளலாம். இனி ஒருவருக்கு மட்டும்.

ஜமீர் அண்ணா, இது உங்கள் கைக்கு வரும் என்று தெரியும். படிக்கும்போது எங்காவது மனசு இளகியிருக்கலாம். டீ குடித்த இடம் வரும்போது எனக்கே இளகியது. அதற்காகத்தான் இதை எழுதச் சொன்னார். இளகினால் கொஞ்சம் பொறுங்கள். போனை எடுத்து அந்த வீடியோ இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால், முடிவை உங்கள் இஷ்டப்படி நீங்களே எழுதிக்கொள்ளுங்கள்.

இருந்தால், என் புருஷனை மன்னிக்க வேண்டாம்.