டீச்சர் பக்கத்துக் குளிர்

மூன்று மணிக்கு டீச்சரை ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு அனுப்புகிறார்கள். எந்த வீட்டுக்கு என்பதுதான் இன்னும் முடிவாகவில்லை.

டீச்சரின் கணவர் லிஃப்ட் மெக்கானிக். தெருவில் எல்லோருக்கும் அவர் லிஃப்ட்காரர். நுரையீரலில் சளி கட்டி, காய்ச்சலோடு டீச்சர் ஆஸ்பத்திரியில் படுத்து இன்றோடு பதினோரு நாள். அந்தப் பதினோரு நாளும் மனுஷன் ஒழுங்காகத் தூங்கவில்லை, ஒழுங்காகச் சாப்பிடவில்லை, ஷேவ்கூடச் செய்துகொள்ளவில்லை. நேற்று மாலை, "நாளைக்கு அனுப்பிடறோம்" என்று டாக்டர் சொன்னபோது அவருக்குக் கால் தரையில் நிற்கவில்லை. டாக்டர் அந்தப் பக்கம் போனதும் டீச்சர் குண்டைத் தூக்கிப் போட்டார்.

"நான் நம்ம வீட்டுக்கு வரலங்க. தம்பி வீட்டுக்குப் போறேன்."

"ஏன்? என்னாச்சு?"

"ஒரு மாசத்துக்கு ஒருநாள் விட்டு ஒருநாள் செக்கப்புக்கு வரச் சொல்லியிருக்காங்க. அந்தக் கார்ல, அந்த ஸீட்ல உக்காந்து, என்னால முடியாது. தம்பி வேன்ல சூடு இருக்கு. குளிர்காலம் முடியட்டும், வரேன்."

குளிர்காலம் முடிய இன்னும் மூன்று மாதம் இருந்தது. கல்யாணமான இருபத்திரண்டு வருஷத்தில், இந்தப் பதினோரு நாளைத் தவிர, அவர்கள் சேர்ந்தாற்போல நாலு நாளுக்கு மேல் பிரிந்திருந்தது கிடையாது. சண்டை போட்டுச் சொல்லியிருந்தால் லிஃப்ட்காரரும் பதிலுக்குச் சண்டை போட்டிருப்பார். டீச்சரோ போர்வையின் ஓரத்தை மடித்துக்கொண்டே, பாடம் நடத்துகிற குரலில் சொல்லிவிட்டார்.

வீடு திரும்பும்போது, அங்கே வந்திருந்த டீச்சரின் தம்பி கார் சாவியைப் பிடுங்கிக்கொண்டான். "அத்தான், உங்க கண்ணப் பாத்தா எனக்கே பயமா இருக்கு. தள்ளுங்க, நான் ஓட்டறேன்." அவன் பேக்கரி வைத்திருப்பவன். விடியற்காலை எழுந்து மாவு பிசைகிற கை, பேச்சில் சர்க்கரை கிடையாது. வேறு வழியில்லாமல் லிஃப்ட்காரர் சுற்றிக்கொண்டு போய் டீச்சரின் ஸீட்டில் உட்கார்ந்தார். கார் வாங்கி ஆறு வருஷமாகிறது. அந்த ஸீட்டில் அவர் உட்காருவது அதுதான் முதல் தடவை.

இரண்டாவது சிக்னலில் முழங்கால் மரத்துப்போனது. மூன்றாவது சிக்னலில் அவர் முன்னால் இருந்த காற்றுத் துவாரத்தில் கையை வைத்துப் பார்த்தார். ஹீட்டர் முழு வேகத்தில் ஓடிக்கொண்டிருந்தது. மச்சான் ஜாக்கெட்டைக் கழற்றிப் பின்னால் போட்டுவிட்டு வியர்த்துக்கொண்டிருந்தான். இவர் பக்கம் வந்ததோ தெருவில் அடிக்கிற அதே காற்று.

டீச்சர் சொல்லியிருந்தார். இரண்டு வருஷத்துக்கு முந்தின குளிர்காலத்திலேயே சொன்னார்: "என் பக்கம் சூடே வரலங்க." இவர் சிரித்தார். "உனக்கு ரத்தம் பத்தாது, டீச்சர். அதான் குளிருது." கொஞ்ச நாள் கழித்து இன்னொரு தடவை சொன்னார். இவர் என்ன செய்தார் தெரியுமா? டீச்சரின் கையைப் பிடித்து இழுத்துத் தன் பக்கத்துத் துவாரத்துக்கு முன்னால் வைத்து, "பாரு, எப்படிக் கொதிக்குது! வண்டியக் குத்தம் சொல்லாதே" என்றார். மறுநாளே இரும்புச்சத்து மாத்திரை வாங்கி வந்தார். மூன்றாவது தடவை டீச்சர் சொல்லவில்லை. மாத்திரையைச் சாப்பிட்டார். முழங்காலில் ஒரு சால்வை, தோளில் ஒரு சால்வை என்று போர்த்திக்கொண்டு பள்ளிக்கூடத்துக்குப் போய்வந்தார்.

இந்தக் காய்ச்சல் குளிரில் உட்கார்ந்ததால் வருவதில்லை, இது கிருமி என்று டாக்டர் விளக்கியிருந்தார். லிஃப்ட்காரருக்கு அது புத்தியில் ஏறியது, மனசில் ஏறவில்லை.

காலை ஒன்பது மணிக்கே அவர் வீட்டு வாசலில் காரின் முன்மூடியைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றார். தெரிந்த ஒர்க்ஷாப்புக்குப் போன் போட்டால், அடுத்த வியாழக்கிழமைக்கு முன்னால் முடியாது என்றார்கள். இவர் கெஞ்சிய கெஞ்சலில் அங்கிருந்த மெக்கானிக் போனிலேயே வைத்தியம் சொன்னார்.

"இன்ஜினுக்குப் பின்னால தகட்டுச் சுவத்துக்குள்ள ரெண்டு ரப்பர் ஹோஸ் போகும் பாருங்க. வண்டி சூடானதும் ரெண்டையும் தொட்டுப் பாருங்க."

தொட்டுப் பார்த்தார். ஒன்று கையைச் சுட்டது. இன்னொன்று ஆறிப்போன டீ மாதிரி இருந்தது.

"அப்ப ஹீட்டர் கோர் அடைச்சிருக்கு. டேஷ்போர்டுக்கு உள்ள இருக்கிற குட்டி ரேடியேட்டர் அது. பாதிக்குத்தான் சுடுதண்ணி போகுது, அதான் ஒரு பக்கம் மட்டும் சூடு. ஹோஸக் கழட்டி, தண்ணி விட்டுக் கழுவுங்க. தண்ணி வெளிய வர்ற வழியில உள்ள விடுங்க, அப்பத்தான் அழுக்கு வந்த வழியே திரும்பும். இன்னொன்னு, நல்லா ஆறட்டும். சூட்டோட கழட்டினா மூஞ்சி வெந்துடும்."

ஆறட்டும் என்று சொல்வது சுலபம். குட்டி போட்ட பூனை மாதிரி லிஃப்ட்காரர் காரைச் சுற்றிச் சுற்றி வந்தார். உள்ளே போனார், கடிகாரத்தைப் பார்த்தார், வெளியே வந்து ஹோஸைத் தொட்டார், மறுபடி உள்ளே போனார். வெளிக்குழாயைக் குளிருக்குப் பயந்து மூடி வைத்திருந்ததால் சமையலறைக் குழாயிலிருந்து ஜன்னல் வழியாக நீளமான தோட்டத்து ஹோஸை இழுத்துவந்தார். அழுக்கைப் பிடிக்க இரண்டு வாளி. இறுக்க நாலு கிளாம்ப், கூடவே இன்னும் நாலு.

அவர் சுபாவம் அப்படி. லிஃப்டில் ஒரு கயிறு தாங்குகிற எடைக்கு நாலைந்து கயிறு போடுவார்கள். ஒரு பிரேக் தவறினால் பிடிக்க இன்னொன்று இருக்கும். அதையே இருபத்தைந்து வருஷமாகப் பார்த்துப் பார்த்து வீட்டிலும் அவருக்கு எல்லாம் இரண்டிரண்டு. வாசலுக்கு இரண்டு பூட்டு, தலைமாட்டில் இரண்டு அலாரம். 'எதுக்கும் இருக்கட்டும்' என்பார். நல்லவேளை, கல்யாணத்தில் மட்டும் இந்தக் கணக்கைக் கொண்டுவரவில்லை என்று டீச்சர் கிண்டல் செய்வதுண்டு.

பதினொன்றரைக்கு மச்சான் வேனில் வந்து இறங்கினான். கையில் மாவுக்குள் குத்திப் பார்க்கிற தெர்மாமீட்டர்.

"இது எதுக்குடா?"

"உங்க வாய் வார்த்தைய நம்பி அக்காவ அனுப்ப மாட்டேன் அத்தான். ரெண்டு பக்கமும் குத்திப் பாப்பேன். ரெண்டு பக்கமும் ஒரே சூடு இருந்தா உங்க வண்டி. இல்லேன்னா என் வண்டி. என் வீட்டுல ரூம்கூட ரெடி பண்ணியாச்சு."

லிஃப்ட்காரர் பல்லைக் கடித்துக்கொண்டார். ரூம் ரெடியாமே!

ஹோஸ் இரண்டையும் கழற்றி, வெளிவழியில் தோட்டத்து ஹோஸை மாட்டினார். உள்வழியிலிருந்து ஒரு துண்டுக் குழாயை வாளிக்குள் விட்டார். மச்சான் சமையலறைக் குழாயடியில் நின்றுகொண்டான்.

"திற!"

வாளியில் ஒன்றும் விழவில்லை. பிறகு சொட்டுச் சொட்டாக ஏதோ வந்தது.

"இன்னும் திற!"

"மாட்டேன்," என்றான் மச்சான் ஜன்னல் வழியாக.

"டேய், மணி பன்னெண்டாச்சு! ரெண்டு பங்கு வேகமா விட்டாத்தான் அடைப்பு போகும்!"

"உள்ள இருக்கிறது மெல்லிசுத் தகடு அத்தான். அது வெடிச்சா காருக்குள்ள தண்ணி ஊத்தும். அப்புறம் அக்காவுக்குச் சூடும் இல்ல, ஸீட்டும் இல்ல. சொன்னாக் கேளுங்க, மெதுவா போகட்டும்."

லிஃப்ட்காரருக்கு ஜன்னல் வழியாகவே அவன் கழுத்தைப் பிடிக்கலாம் போலிருந்தது. ஆனாலும் அவன் சொல்வது நியாயம். அவர் குனிந்து வாளியையே பார்த்துக்கொண்டு நின்றார். பத்து நிமிஷம் போனது. ஹோஸை மாற்றி மாட்டி எதிர்ப்பக்கத்திலிருந்து விட்டார்கள், திரும்பவும் மாற்றினார்கள். நாலாவது தடவை குழாய் ஒரு குலுங்கு குலுங்கி, கொழகொழவென்று பழுப்புச் சேற்றை வாளியில் கக்கியது.

"வந்துடுச்சு! வந்துடுச்சுடா!" என்று கத்திய லிஃப்ட்காரர் அப்படியே நின்றுவிட்டார்.

சேற்றில் செம்பு நிறத்தில் பொடிப்பொடியாக ஏதோ மின்னியது. விரலில் எடுத்துத் தேய்த்துப் பார்த்தார். அவருக்கு அதைத் தெரியும். நன்றாகவே தெரியும். இரண்டு வருஷத்துக்கு முன்னால் ரேடியேட்டர் லேசாக ஒழுகியபோது, ஓட்டை அடைக்கிற மருந்தைக் கடையில் வாங்கி ஊற்றினார். பாட்டிலைக் குலுக்கும்போது இதே பொடிதான் உள்ளே மின்னியது. பாதி பாட்டில் போதும் என்று அதன் மேலேயே எழுதியிருந்தது. இவர் முழு பாட்டிலை ஊற்றினார். எதுக்கும் இருக்கட்டும் என்று இரண்டாவது பாட்டிலையும் ஊற்றினார். ரேடியேட்டர் ஓட்டை அடைபட்டது. மிச்சப் பொடியெல்லாம் போய் டீச்சர் பக்கத்துச் சூட்டை அடைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டது.

"என்ன அத்தான், பேயறைஞ்ச மாதிரி நிக்கிறீங்க?"

"நான்தான்டா," என்றார் லிஃப்ட்காரர். "நான்தான் அடைச்சேன்."

விஷயத்தைக் கேட்ட மச்சான் சிரிக்கத்தான் போனான். அத்தானின் முகத்தைப் பார்த்துவிட்டு அடக்கிக்கொண்டான். "விடுங்க. இப்பக் கழுவியாச்சில்ல?" என்று மட்டும் சொல்லிவிட்டுக் குழாயடிக்குப் போனான். திட்டியிருந்தால்கூடத் தேவலை என்று இருந்தது இவருக்கு.

தண்ணீர் தெளிந்து வரும்போது மணி ஒன்றரை. ஹோஸ்களைப் பழையபடி மாட்டி, இறுக்கி, ரேடியேட்டரில் கூலன்ட் ஊற்றி, இன்ஜினை ஓடவிட்டு, ஹீட்டரை முழுசாகத் திருப்பினார். தெர்மாமீட்டரோடு மச்சான் உள்ளே உட்கார்ந்திருந்தான்.

"அத்தான், ரெண்டு பக்கமும் ஒரே மாதிரிதான் இருக்கு."

"அப்பாடா!"

"ரெண்டு பக்கமும் குளிருது."

லிஃப்ட்காரருக்குக் கண்ணில் நீர் முட்டிவிட்டது. ஐம்பது வயசு ஆள், நெஞ்சில் கையை வைத்துக்கொண்டு கார் மேல் சாய்ந்துவிட்டார். மறுபடி மெக்கானிக்குக்குப் போன். மெக்கானிக் வாயில் சாப்பாட்டோடு, "காத்து மாட்டியிருக்கும் சார். வண்டி மூக்கு மேல தூக்கி நிக்கணும். ரேடியேட்டர் மூடியத் திறந்து வச்சு ஓடவிடுங்க. குமிழி வந்து அடங்கட்டும். அடங்க அடங்கக் கூலன்ட் ஊத்துங்க" என்றார். இந்தத் தடவை மூடி ஆறும்வரை காத்திருக்கையில் லிஃப்ட்காரர் இருப்புக்கொள்ளாமல் தன் நகத்தையெல்லாம் கடித்துத் துப்பிவிட்டார். பிறகு காரின் முன்சக்கரங்களை வாசல் சரிவில் ஏற்றி நிறுத்தினார்கள். குமிழிகள் வந்தன. நின்றன. மறுபடி வந்தன. இரண்டேகாலுக்குப் பெரிதாக ஒன்று வந்து உடைந்தது. கூலன்ட் சட்டென்று உள்வாங்கியது. லிஃப்ட்காரர் பாட்டிலைச் சாய்த்தார். அளவுக் கோட்டுக்கு வந்ததும் கை பழக்கதோஷத்தில் இன்னும் கொஞ்சம் சாய்க்கப் போனது. நிறுத்திக்கொண்டார்.

"உங்க பக்கம் ஐம்பத்தி நாலு," என்றான் மச்சான் உள்ளேயிருந்து. "அக்கா பக்கம்... இருங்க, ஏறுது... ஐம்பத்தி மூணு." பிறகு கொஞ்சம் யோசித்து, "ஒரு டிகிரி போனாப் போகுது," என்றான்.

ஆஸ்பத்திரி வாசலில் டீச்சர் மெலிந்துபோய், இரண்டு சால்வையோடு நின்றார். காருக்குப் பின்னால் பேக்கரி வேன் வந்து நின்றது. டீச்சர் இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார்.

"அக்கா, அத்தான் வண்டிய சரிபண்ணிட்டாரு. நானே குத்திப் பாத்தேன்," என்றான் தம்பி.

டீச்சர் நம்பவில்லை. "பெரிய சிக்னல் வரைக்கும் உங்க கூட வரேன்," என்றார் கணவரிடம். அந்தச் சிக்னலில் நேரே போனால் அவர்கள் வீடு, திரும்பினால் தம்பி வீடு. "குளிர்ந்துச்சுன்னா இறங்கி வேனுக்குப் போயிடுவேன்."

டீச்சர் வழக்கம்போலக் காலை உள்ளிழுத்து, முழங்காலில் சால்வையைச் சுற்றிக்கொண்டு, கையைக் கக்கத்தில் சொருகிக்கொண்டு உட்கார்ந்தார். அந்த உட்காரலை லிஃப்ட்காரர் இன்றைக்குத்தான் முதன்முதலாகப் பார்த்தார். இரண்டு வருஷமாகப் பக்கத்திலேயே இருந்திருக்கிறது. சொல்ல வேண்டியதையெல்லாம் காலையிலிருந்து மனசுக்குள் அடுக்கி வைத்திருந்தார். வண்டியைக் கிளப்ப மட்டும்தான் முடிந்தது.

முதல் திருப்பத்தில் டீச்சர் ஒரு கையை வெளியே எடுத்தார். கடைத்தெருவைத் தாண்டும்போது தோளிலிருந்த சால்வை நழுவியது. அதை அவர் மறுபடி இழுத்துப் போர்த்திக்கொள்ளவில்லை. தன் முன்னால் இருந்த துவாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் மெதுவாகக் கையை நீட்டி, லிஃப்ட்காரரின் பக்கத்துத் துவாரத்துக்கு முன்னால் பிடித்துப் பார்த்தார்.

"உங்களுக்கு வருதா?" என்றார். "இத எனக்குத் திருப்பி விட்டுட்டு நீங்க குளிர்ல உக்காந்திருக்கீங்களோன்னு பாத்தேன்."

லிஃப்ட்காரர் காரை ஓரம்கட்டிவிட்டார். பின்னால் வந்த வேனும் திடீரென்று பிரேக் போட்டு நின்றது.

"வருது," என்றார் அவர். "எனக்கு எப்பவும் வந்துது, டீச்சர். உனக்கு ரத்தம் பத்தாமப் போகல. கார்தான். கார்கூட இல்ல, நான். ஒழுகுதுன்னு மருந்து ஊத்தினேன். பாதி பாட்டில் போதும்னு போட்டிருந்துது. ரெண்டு ஊத்தினேன். அது உன் பக்கத்த அடைச்சிடுச்சு. நீ சொன்னே. நான் கேக்கல. அந்த ஸீட்ல நேத்துதான் உக்காந்தேன்."

டீச்சர் கையை எடுக்கவில்லை. இன்ஜின் ஓடிக்கொண்டிருந்தது. பின்னாலிருந்து மச்சான் ஹாரன் அடித்தான்.

"ரெண்டு வருஷம் அந்த மாத்திரையச் சாப்பிட்டேன்," என்றார் டீச்சர். "வயித்தப் பிரட்டும். முதல் பீரியட் முழுக்கப் பிரட்டும். தெரியுமா?"

"தெரியாது."

"தெரியாதுதான்." டீச்சர் முழங்கால் சால்வையை எடுத்து மடித்து, பின்ஸீட்டில் போட்டார். அப்புறம் கண்ணாடியை இறக்கி, தம்பியைப் போகச் சொல்லிப் பின்னால் கையைக் காட்டினார்.

வேன் அவர்களைத் தாண்டிக்கொண்டு போனது. லிஃப்ட்காரர் இரண்டு கையாலும் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு பெரிய சிக்னலில் நேரே போனார்.

"வீட்டுல அந்த மாத்திரை இன்னும் ரெண்டு டப்பா இருக்கு," என்றார் டீச்சர். "நாளையிலேருந்து நீங்க சாப்பிடுங்க."

"சரி," என்றார் லிஃப்ட்காரர். "வேளைக்கு ரெண்டா?"

"ஒண்ணு போதும்."