ஏழு என்று எழுதி ஆறு காட்டிய வரி

கடைசிக்கட்ட நோயாளிகளைப் பார்த்துக்கொள்ளும் அந்தச் சின்ன மருத்துவமனையில் அண்ணி நர்ஸ். வரவேற்பறைக் கணினியின் பழைய பிரவுசரில் மட்டும் நோயாளிகள் பட்டியல் காலியாகத் தெரிகிறது என்று அவள் புலம்பவே, ஜாவாஸ்கிரிப்ட் எழுதிப் பிழைக்கும் நாத்தனார் ஒரு மத்தியானம் வந்து உட்கார்ந்தாள்.

பிரவுசருக்குள் நிரல் எழுதுகிறவர்கள் மட்டும் திறந்து பார்க்கும் கன்சோல் என்ற பகுதியில் பட்டியலை எழுதிக் காட்டும்படி நிரலில் ஒரு வரி சேர்த்தாள். பழைய பிரவுசரின் கன்சோலில் ஏழு பெயர்கள் வரிசையாக விழுந்தன. தன் லேப்டாப்பின் புதுப் பிரவுசரில் '7' என்று மட்டும் விழுந்தது. பக்கத்திலிருந்த அம்புக்குறியை அழுத்தி விரித்தால் ஆறு பெயர்தான். நாலாம் கட்டில்காரரைக் காணோம்.

எண் வரி விழுந்த நேரத்துக் கணக்கு, பெயர்கள் விரிக்கும் நேரத்துக் கணக்கு; நடுவில் பட்டியல் மாறினால் இப்படி ஆகும். அது அவளுக்குத் தெரிந்ததுதான்.

"அண்ணி, நாலாம் கட்டில் பேரை எடுத்துட்டீங்களா?"

"நான்தானே எடுக்கணும்? தொடவே இல்லையே. இப்பதான் தண்ணி வாங்கிக் குடிச்சாரு."

சொல்லிக்கொண்டே எட்டிப் பார்க்கப் போன அண்ணி, முகம் வெளிறித் திரும்பினாள். "போயிட்டாரு. பக்கத்துல ஒருத்தரும் இல்ல."

அண்ணி பெயரை நீக்கினாள். நாத்தனார் பக்கத்தை மறுபடி திறந்தாள். '6'. அம்புக்குறியை அழுத்த அவளுக்கு விரல் வரவில்லை. அண்ணிதான் அழுத்தினாள். ஐந்து பெயர். இரண்டாம் கட்டில் இல்லை.

இரண்டாம் கட்டிலில் இருந்தவர் ஓய்வுபெற்ற டீச்சர். பார்க்க யாரும் வருவதில்லை. அண்ணி விறுவிறுவென்று போய், நாற்காலியை இழுத்துப் போட்டு அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"என்ன, இன்னைக்கு வேலை இல்லையா உனக்கு?" என்று டீச்சர் சிரித்தார்.

"உங்ககூடப் பேசறதுதான் வேலை."

முக்கால் மணி நேரம் பேசினார்கள். பிறகு அந்தக் கை தளர்ந்தது.

அதற்குள் நாத்தனார் கோளாறைக் கண்டுபிடித்திருந்தாள். பழைய பிரவுசருக்குத் தெரியாத ஒரே ஒரு கட்டளை. மாற்றியதும் பட்டியல் வந்துவிட்டது. இனி கன்சோல் வரியை அழித்துவிட வேண்டியதுதான். அழிக்கப் போனவளின் தோளை அண்ணி தொட்டாள்.

"அது இருக்கட்டும்."

"பயமா இல்லையா அண்ணி?"

"இருக்கு. ஆனா இனிமே யாரும் தனியாப் போகக் கூடாது. எப்படித் திறக்கறதுன்னு எனக்குச் சொல்லிக் குடு."

சொல்லிக்கொடுத்தாள். அண்ணி அழுத்தும்போது மட்டும் நாத்தனார் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.