எலி கடித்த அங்கி

மணநாளில் ராணி ஹுவாயினின் தோளில் அரண்மனை போர்த்திவிட்ட மென்மயிர் அங்கிக்கு முந்நூறு வெள்ளி விலை. சொன்னது தியான்ஜின் அடகுக்கடை. விலையில் வில்லங்கமில்லை, சொன்ன விதத்தில்தான்.

பீக்கிங்கில் புரட்சி வந்து ராஜ்ஜியம் போனதும் இளவரசர் இளைய மனைவியைக் கூட்டிக்கொண்டு டாலியனுக்குக் கப்பலேறிவிட்டார். பட்டத்து ராணிக்கு மிச்சமானது தியான்ஜினில் ஒரு வாடகை வீடும் சோறு போடவேண்டிய பதினோரு வயிறும். இன்று மதியத்துக்குள் நூற்றறுபது வெள்ளி வைக்காவிட்டால் அந்த வீடும் இல்லை.

காரியஸ்தர் டுவான் நேற்றே அங்கியைக் காட்டிவிட்டு வந்திருந்தார். "விலை சரிதாம்மா. ஆனா கூவுறதுதான்..." என்று மென்று விழுங்கினார்.

"என்ன கூவுறான்?"

சொன்னார். ராணி எழுந்து உயரக்கட்டைச் செருப்பை மாட்டிக்கொண்டாள்.

அடகுக்கடை மேடை ஆளை விட உயரம். பொருளை இரு கையாலும் தலைக்கு மேல் தூக்கிக் கொடுக்க வேண்டும். யாரிடமும் கையேந்தியறியாத ராணி அண்ணாந்து தூக்கினாள். மேலே கியாவ் என்ற கணக்கன் விரித்துப் பார்த்து, சீட்டு எழுதுபவனுக்குக் கேட்க ராகம் போட்டான்:

"எலி கடிச்சது, பூச்சி அரிச்சது, மயிரே இல்லாத மொட்டத்தோலு, கந்தல் அங்கி ஒண்ணேய்! முந்நூறு!"

"நிறுத்துடா. எந்த எலி? காட்டு."

"கடை வழக்கம்மா இது. புதுப் பட்டும் இங்க கந்தல்தான். நாளைக்கு இங்க கெட்டுப்போச்சுன்னா நீங்க சண்டைக்கு வரக்கூடாதில்ல?"

"அப்ப நானும் கூவறேன், எழுதிக்கோ," என்றாள் ராணி. "புரட்சிக்குப் பயந்து சடைய வெட்டின மொட்டத்தல, பல்லு ஆடுது, நாக்கு அழுகல், அடகுக்கடைக் கணக்கன் ஒண்ணேய்! யாரு என்ன தர்றீங்க?"

வரிசையில் பானையோடு நின்ற கிழவி, "நான் பாதி முட்டைக்கோஸ் தர்றேன்!" என்றாள். கடையே அதிர்ந்து சிரித்தது. கியாவ் புதுக் குல்லாவைக் காதுவரை இழுத்துக்கொண்டான்.

"சரிம்மா, முந்நூத்தம்பது. போதுமா?"

"காசை விடு. வார்த்தைய மாத்து."

"சக்கரவர்த்தி வந்தாலும் மாத்த முடியாது."

"அவரைத்தான் இறக்கிட்டீங்களே. மாத்து."

கியாவ் மோவாயைச் சொறிந்தான். வியாபாரியாயிற்றே. "உள்ளத உள்ளபடி எழுதினா நஷ்டம் எங்க தலையில. அப்ப நூறுதான் தர முடியும்."

டுவான் ராணியின் கையைப் பிடிக்காத குறை. "அம்மா, வேணாம். இவன் கூவினதை யாரு ஞாபகம் வச்சிருக்கப் போறா?"

"நான் வச்சிருப்பேன்," என்றாள். மேலே பார்த்தாள். "நூறு. எழுது. சத்தமாப் படி."

அவன் படித்தான்: "அரண்மனை மென்மயிர் அங்கி ஒண்ணு. பழுதில்லை."

திரும்பும்போது ராணி ரிக்‌ஷாவைப் போகச் சொல்லிவிட்டு நடந்தாள். கட்டைச் செருப்பு கல்தரையில் டக் டக்கென்று பேசியது. வாசலில் குடையோடு நின்ற வீட்டுக்காரன் நூறையும் எண்ணிவிட்டுக் கையை நீட்டினான்.

"மீதிக்கு அமாவாசை வரைக்கும் பொறு," என்றாள். "வெளிய தள்ளினா அந்த அறுபதும் உனக்கு வராது, எடு கைய."

அவன் கையை எடுத்தான். அந்த நூறை மட்டும் எடுத்துக்கொண்டு போனான்.

டுவான் பெருமூச்சோடு கணக்குச் சொன்னார்: "வரவு நூறு. வாடகைக்கு நூறு. பாக்கி அறுபது. அரிசிக்குச் சைபர்."

"வார்த்தைக்கு?"

"அதுக்கு இருநூத்தம்பது போச்சும்மா."

"செலவுன்னு எழுதாதே. வாங்கினதுன்னு எழுது."