விமலநாதன் வீட்டு நேரம்

விமலநாதன் எந்த இடத்துக்கும் நேரத்துக்குப் போய்ச் சேர்ந்த மனிதர் அல்ல. தன் கலியாணத்துக்கே முகூர்த்தம் முடிய நான்கு நிமிடம் இருக்கும்போதுதான் போனார். ஐயர் மந்திரங்களை அரைவாசியாகச் சுருக்கித் தாலியைக் கையில் கொடுத்தார். அப்போது விட்டுப்போன மந்திரங்களில் எந்தெந்தக் குணங்கள் இருந்தனவோ, அவைதான் இந்த மனிதரிடம் இல்லை என்று கமலாசனி இருபது வருடமாகச் சொல்லிவருகிறாள்.

இந்த வியாதிக்கு அவர் கண்டுபிடித்த மருந்து, கடிகாரங்களை முன்னுக்குத் தள்ளி வைப்பது. சுவர்க்கடிகாரம் பத்து நிமிடம் முந்தி ஓடும். கைக்கடிகாரம் ஏழு நிமிடம். வீட்டில் எல்லோருக்கும் இது தெரியும் என்பதால் எல்லோரும் மனதுக்குள் கழித்துப் பார்த்துவிட்டு ஆறுதலாக இருப்பார்கள். அவரும்தான். "ஒரு ஐஞ்சு நிமிசம்" என்று சொல்லிவிட்டுக் குளிக்கப் போவார். மருந்தினால் விளைந்த ஒரே நன்மை, மகள் மதனிக்குச் சின்ன வயதிலேயே கழித்தல் கணக்கு நன்றாக வந்ததுதான்.

ஆறு மாதத்துக்கு முன் வீட்டுக்கு ஒரு டெப் வந்தது. ஏழு அங்குலக் கையடக்கக் கணினி, ஒரு கொப்பியின் அளவு. கட்டுகஸ்தோட்டையில் போன் கடை வைத்திருக்கும் றிஸ்வியிடம் மதனியின் பள்ளிக்கூட வேலைக்கென்று வாங்கியது. ஆனால் ஒரு வாரத்துக்குள் அரைவாசி விமலநாதனுடையதாகிவிட்டது. பல்லேகலையில் அரசாங்க அலுவலகம் ஒன்றில் முகாமைத்துவ உதவியாளராக இருப்பவருக்கு, செய்யவேண்டிய வேலைகளைப் பட்டியல் போடும் செயலி ஒன்று கிடைத்தால் சும்மா இருப்பாரா? போன மாதப் பட்டியலில் முதல் வேலை, நின்றுபோன சுவர்க்கடிகாரத்துக்கு பற்றரி வாங்குதல். இரண்டாவது, வார் அறுந்து அலுவலக இழுப்பறையில் கிடக்கும் கைக்கடிகாரத்துக்கு வார் மாற்றுதல். மூன்றாவது, கண்ணாடி உடைந்த போனைத் திருத்தக் கொடுத்த றிஸ்வியின் கடையில் போய் எடுத்தல். ஒவ்வொரு நாளும் மாலையில் அந்தச் செயலி, முடியாத வேலைகளை நாளைக்கு மாற்றவா என்று கேட்கும். அவரும் வலு பணிவாக ஆம் என்று தட்டுவார். இப்படி ஒரு மாதமாக மூன்று வேலைகளும் ஒழுங்காக நாளைக்குப் போய்க்கொண்டிருந்தன.

ஆகவே, கமலாசனி தன் போனோடு வேலைக்குப் போய்விட்டால், அந்த வீட்டில் பகல்வேளையில் நேரம் காட்டுவது டெப் மட்டும்தான். அதன் நேரம் எங்கிருந்தோ தானாக வருவது என்பதில் மதனிக்குப் பெரிய நிம்மதி. "இதையெண்டாலும் உங்களால ஏமாத்தேலாது, அப்பா," என்று வாங்கிய அன்றே சொன்னாள்.

அந்தச் சொல்லில் ஒரு முள் இருந்தது. போன வருடம் மாகாண விஞ்ஞான வினாவிடைப் போட்டிக்குப் பள்ளிக்கூடத்தில் மூன்று பேரைத் தெரிவு செய்ய ஒரு சோதனை வைத்தார்கள். சனிக்கிழமை காலை எட்டரைக்கு. வெளிக்கிடும் நேரத்தில் விமலநாதன் குடையைத் தேடினார். பிறகு பஸ், மகாவலிப் பாலத்தின் நடுவில் அசையாமல் நின்றது. அவர்கள் போய்ச் சேரும்போது விடைத்தாள்களை அடுக்கி நூல் கட்டிக்கொண்டிருந்தார்கள். மதனி அழவில்லை, ஏசவில்லை, அதைப்பற்றி ஒரு சொல் பேசவுமில்லை. அந்தப் பேசாமைதான் ஒரு வருடமாக அவருக்குள் மீன்முள் மாதிரிக் குத்திக்கொண்டிருந்தது.

இந்த வருடச் சோதனை இணையத்தில். சனிக்கிழமை பின்னேரம் நாலு மணிக்கு விஞ்ஞானம் படிப்பிக்கும் சுந்தரி ரீச்சர் வினாப் படிவத்தைத் திறப்பார், நாலு நாற்பதுக்கு மூடுவார். சிக்கல் என்னவென்றால், அதே சனிக்கிழமை கண்டி நகரில் விமலநாதனுக்கு அரசாங்க ஊழியர்களுக்கான இரண்டாம் மொழி வகுப்பு. சிங்களக் குறிப்புகளெல்லாம் டெப்பில் இருந்தன. அவர் அதைக் கொண்டுபோய், மூன்று மணிக்குள் திரும்பக் கொண்டுவந்து மகளின் கையில் கொடுக்கவேண்டும். கொடுப்பதாகப் பிள்ளையார் படத்துக்கு முன்னால் வாக்குக் கொடுத்தார். கமலாசனி சிரித்தாள். பிள்ளையார் சிரிக்கவில்லை, அவருக்கு இவரை நெடுநாளாகத் தெரியும்.

வியாழக்கிழமை அவர் ஒருவருக்கும் சொல்லாமல் ஒரு வேலை செய்தார். டெப்பின் அமைப்புகளுக்குள் புகுந்து, நேரம் தானாக வருவதை நிறுத்தி, கையாலேயே பதினைந்து நிமிடம் முன்னுக்குத் தள்ளிவைத்தார்.

சனிக்கிழமை அது அற்புதமாக வேலை செய்தது. டெப்பில் ஒன்பது மணியானபோது வகுப்பு வாசலில் நின்றார். கதவு பூட்டியிருந்தது. உண்மையில் எட்டே முக்கால்தான் என்று அவருக்குத் தெரியும். பதினைந்து நிமிடம் காத்திருந்தார். பிறகு இன்னும் பத்து நிமிடம். நேரத்துக்கு வருகிற மனிதர்கள் தினமும் இப்படியா வாடுகிறார்கள் என்று அவருக்கு இரக்கம் வந்தது. ஆசிரியை வந்து கதவைத் திறந்தபோது, இன்னொருவரைப் பிந்தி வந்தவர் என்று மனதுக்குள் திட்டும் பாக்கியம் வாழ்க்கையில் முதன்முறையாக அவருக்குக் கிடைத்தது. அதை முழுசாக அனுபவித்தார்.

வீட்டுக்கு வந்தபோது டெப்பில் மூன்று ஆகவில்லை. மதனி கதவைத் திறந்து, அவரையும் டெப்பையும் மாறிமாறிப் பார்த்தாள். அவர் ஒன்றும் நடக்காதவர்போல் தேத்தண்ணி கேட்டார். வீட்டில் அவர்கள் இரண்டு பேர்தான். கமலாசனி தான் வேலை செய்யும் மருத்துவமனையில் கடமையில் இருந்தாள். ரீச்சர் செய்தி போடும் வகுப்புக் குழு அவளுடைய போனில். கடமை நேரத்தில் அந்தப் போன் அலுமாரிக்குள்.

நாலு மணி நெருங்க, மேசையருகே இருந்த விமலநாதனால் கதிரையில் இருக்க முடியவில்லை. எழும்பினார், ஜன்னலைத் திறந்தார், மூடினார். டெப்பில் நாலு தாண்டியும் மதனி படிவத்தைத் திறக்காமல் கையைக் கட்டிக்கொண்டு இருந்தாள். எதற்கும் முந்தி நிற்கும் பிள்ளை. இன்றைக்கு இவ்வளவு நிதானமா என்று அவர் வியந்தார். சரியாக நாலு பத்துக்கு அவள் தட்டினாள்.

'இந்தப் படிவம் இனி விடைகளை ஏற்றுக்கொள்ளாது' என்று வந்தது.

மதனியின் முகம் வெளிறிப்போனது. மறுபடி தட்டினாள். மறுபடியும் அதே வரி. விமலநாதனுக்கோ உள்ளுக்குள் சிரிப்பு. உண்மையில் மூன்று ஐம்பத்தைந்துதானே? ஆனால் அதைச் சொன்னால் திருட்டு வெளிப்படும். "ஒரு ஐஞ்சு நிமிசம் பொறு, பிள்ளை," என்றார், ஞானி மாதிரி.

"நீங்கள் கதைக்காதேங்கோ, அப்பா," என்றாள் அவள்.

நாலு பதினைந்து. அவருடைய கணக்கில் சரியாக நாலு மணி. தட்டினாள். இனி ஏற்றுக்கொள்ளாது. மறுபடி. ஏற்றுக்கொள்ளாது. இப்போது ஞானியின் ஞானம் கலைந்தது. இணைய றவுற்றரை நிறுத்திப் போட்டார். அதன் தலையில் ஒரு தட்டுத் தட்டினார். வருடம் ஒன்று போய், குடையும் இல்லாமல், பஸ்ஸும் இல்லாமல், வீட்டுக்குள் இருந்தபடியே மகளைப் பிந்தவைத்துவிட்டாரா?

"றிஸ்வியிட்ட ஓடுவம்," என்றார்.

ஓடினார்கள். இறக்கத்தில் மதனி டெப்பை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு முன்னால் போனாள். பின்னால் அவர் ஒரு கையால் சாரத்தைப் பிடித்தபடி. காற்சட்டை மாற்றுவதற்கு நேரம் எடுக்காமல் அவர் வீட்டைவிட்டு வெளிக்கிட்டது அன்றுதான். பாலத்தடியில் பஸ்கள் ஒன்றையொன்று முட்டுவதுபோல் நின்றன. இடையில் புகுந்து கடையைச் சேர்ந்தபோது அவருக்குப் பேச்சு வரவில்லை. மதனிதான் மூச்சிரைக்கச் சொன்னாள்.

றிஸ்வி டெப்பை வாங்கிப் பார்த்தான். தன் போனைப் பார்த்தான். மறுபடி டெப்பைப் பார்த்தான்.

"சேர், இப்ப மணி மூணு அம்பத்தெட்டு. இதுல நாலு இருபத்திமூணு. இருபத்தஞ்சி நிமிஷம் முன்னுக்கு ஓடுற நாடு எது சேர்?"

படிவத்தை ரீச்சர் திறக்கும்வரைக்கும் அந்த வரிதான் வரும் என்றும், மூடிய படிவத்துக்கும் இன்னும் திறக்காத படிவத்துக்கும் அதற்கு வித்தியாசம் தெரியாது என்றும் அவன் விளக்கினான். மதனி கண்ணை மூடி ஒரு நீண்ட மூச்சு விட்டாள்.

விமலநாதன், சீனாச் சாமான்கள் இப்படித்தான் என்று முணுமுணுத்தார்.

"சாமான்மேல பழி போட வாணாம், சேர். ஆரும் கையால மாத்தாம இது மாறாது."

கடையில் போன் உறை பார்த்துக்கொண்டிருந்த ஒரு பெண்ணும் திரும்பிப் பார்த்தாள். தப்ப வழியில்லை. "பதினைஞ்சு நான் வைச்சது," என்றார் விமலநாதன், தரையைப் பார்த்து. "இந்தமுறை பிந்தக்கூடாது எண்டு."

"அப்ப மிச்சம் பத்து?" என்று கேட்டான் றிஸ்வி.

மதனி டெப்பைப் பிடுங்காத குறையாக வாங்கி, கண்ணாடிப் பெட்டிக்குப் பக்கத்திலிருந்த முக்காலியில் இருந்தாள். றிஸ்வியின் போனில் நாலு மணி. தட்டினாள். படிவம் திறந்தது.

அந்த நாற்பது நிமிடமும் விமலநாதன் கடைக்கு வெளியே நடந்தார். பாலம்வரை போனார், திரும்பினார். கண்ணாடி மாற்றி ஒரு மாதமாகக் காத்திருந்த தன் போனை எடுத்துக்கொண்டார். சுவர்க்கடிகாரத்துக்கு ஒரு பற்றரியும் வாங்கினார். இரண்டு நிமிடத்துக்கு ஒருதடவை கடைக்குள் எட்டிப் பார்த்தார். மதனி நெற்றியைச் சுருக்கி எழுதிக்கொண்டே இருந்தாள்.

நாலு முப்பத்தெட்டுக்கு அவள் வெளியே வந்தாள். நாற்பதுக்கு முப்பத்தாறு என்று படிவம் அப்போதே சொல்லிவிட்டதாம். அதைச் சொல்லிவிட்டுக் கொஞ்சத் தூரம் நடந்தாள்.

"மிச்சம் பத்து நான், அப்பா."

அவர் நின்றார்.

"நேற்று வைச்சனான். நீங்கள் வகுப்பால பிந்தி வந்தா டெப்பும் பிந்தி வருமெல்லோ. போனமுறை மாதிரி."

போனமுறை. ஒரு வருடத்தில் முதல் தடவையாக அந்தச் சொல் அவள் வாயிலிருந்து வந்தது. அது வந்ததும் முள் இறங்கியதா, இன்னும் ஆழமாகப் போனதா என்று அவருக்குத் தெரியவில்லை.

"போனமுறை நான் குடை தேடினது பிழைதான், பிள்ளை."

"குடை உங்கட கையிலதான் இருந்தது," என்றாள் மதனி.

அவர் யோசித்துப் பார்த்தார். இருந்திருக்கலாம். இருக்கக்கூடிய மனிதர்தான். "அப்ப ஏன் எனக்குச் சொல்லேல்ல?"

"நீங்கள் வேற ஏதோ குடை தேடுறீங்கள் எண்டு நினைச்சன்."

இருவரும் ஒரே நேரத்தில் சிரித்தார்கள். சிரிப்பு முடிந்ததும் அவள் கண்ணைத் துடைத்தாள். அவர் கவனிக்காததுபோல் ஆற்றைப் பார்த்தார்.

திங்கட்கிழமை பெயர்கள் வந்தன. மூன்றில் மூன்றாவது மதனி. போட்டி அடுத்த சனிக்கிழமை எட்டரைக்கு, பல்லேகலையில். அன்று மாலை விமலநாதன் கதிரையில் ஏறிச் சுவர்க்கடிகாரத்துக்கு பற்றரி போட்டார். விரல் தானாகவே பெரிய முள்ளை முன்னுக்குத் தள்ளப் போனது. கீழே மதனி நின்றாள்.

"சரியான நேரத்தை வையுங்கோ. நான் சனிக்கிழமை ஆறரைக்கு பஸ் தரிப்பில நிற்பன். வாறதெண்டா வாங்கோ."

அவர் சரியான நேரத்தையே வைத்தார். வைத்த பிறகு இரண்டு இரவு சரியாக நித்திரை வரவில்லை.

சனிக்கிழமை காலை மதனி ஆறு இருபத்தெட்டுக்கு பஸ் தரிப்புக்கு வந்தாள். அப்பா ஏற்கெனவே அங்கே நின்றார். கையில் குடை. மழைக்கான அறிகுறி எதுவும் இல்லை. அவருடைய காலடியில், நெடுநேரம் ஒரே இடத்தில் நின்று காலை மாற்றிமாற்றித் தேய்த்த மண் சின்னக் குழியாகியிருந்தது.

"எத்தினை மணிக்கு வந்தனீங்கள்?" என்று கேட்டாள்.

"இப்பதான்," என்றார் விமலநாதன். "ஒரு ஐஞ்சு நிமிசம்."