அடியில் ஒரு வரி

அக்காவின் வீட்டுக்காரரைத் திருடன் என்றுகூடச் சொல்ல முடியாது. திருடன் ஒரு தரம் எடுத்துக்கொண்டு ஓடிவிடுவான், பாவம், அவனுக்குப் பயமாவது இருக்கும். இவர் குட்டியின் சர்வரில் குழாயைச் சொருகிவிட்டுக் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தார்.

குட்டி என்பது வீட்டில் கூப்பிடுவது. வயது முப்பத்திரண்டு. எந்தப் பேருந்து எந்த நிறுத்தத்துக்கு எப்போது வரும் என்று சொல்லும் இணையப்பக்கத்தை மூன்று வருடமாக ஒற்றை ஆளாக நடத்திவந்தாள். அந்த நேரங்கள் வானத்திலிருந்து விழவில்லை. தினமும் காலை ஐந்தரைக்கு எழுந்து ஏழு பணிமனைகளின் டைம் கீப்பர்களுக்கும் போன் போடுவாள். எந்த வண்டி படுத்துவிட்டது, எந்த ஓட்டுநர் லீவு என்று கேட்டுக்கேட்டுத் தட்டச்சு செய்வாள். மூன்றாவது பணிமனைக்காரர் முதலில் தன் முட்டிவலியைப் பற்றிப் பத்து நிமிடம் பேசிவிட்டுத்தான் வண்டிக்கு வருவார். அதையும் கேட்டுக்கொள்வாள்.

நாலு மாதத்துக்கு முன் மாமாவும் ஒரு பேருந்துப் பக்கம் தொடங்கினார். பார்க்க வழவழவென்று இருந்தது. சொந்தமெல்லாம் மெச்சியது. ஒரு நாள் குட்டியின் சர்வர் அரைமணி நேரம் மக்கர் செய்தபோது அக்கா கூப்பிட்டாள்.

"குட்டி, மாமாவோட பக்கம் காலியா கெடக்குடி. நீதான் இதெல்லாம் படிச்சவளாச்சே, என்னன்னு பாரேன்."

பார்த்தாள். மாமாவின் பக்கத்தை யார் திறந்தாலும் அது நேராகக் குட்டியின் சர்வரிடம் ஓடிவந்து நேரங்களைக் கேட்டு வாங்கியது. வாங்கியதைத் தன் அழகான சட்டத்துக்குள் மாட்டிக் காட்டியது. ஊரான் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே! இவள் பக்கம் படுத்ததும் அவர் பக்கமும் படுத்துவிட்டது.

அன்று சாயங்காலமே அக்கா வீட்டுக்குப் போனாள்.

"எடுத்துக்கோங்க மாமா, வேணாங்கல. அடியில ஒரே ஒரு வரி போடுங்க, இந்த நேரமெல்லாம் நான் சேகரிச்சதுன்னு."

"அது டிசைனைக் கெடுத்துரும் குட்டி," என்றார் மாமா. "அதோட, நெட்ல கெடக்கறது எல்லாருக்கும் பொதுதானே? ஆகாசத்துக்கு யாராவது வேலி போடுவாங்களா?" சொல்லிக்கொண்டே தட்டில் இருந்த கடைசி பிஸ்கட்டையும் எடுத்துக்கொண்டார்.

அடுத்த மாதம் அக்கா பூரித்துப்போய்ச் சொன்னாள். போக்குவரத்து அலுவலகம் மாமாவைக் கூப்பிட்டிருக்கிறதாம். அவர் பக்கம் பிடித்துப்போனால் நகரத்தின் எல்லா நிறுத்தத்திலும் திரை வைத்து அதைக் காட்டுவார்களாம். "புதன்கிழமை பதினொரு மணிக்கு. நீயும் வாடி, மாமா பேசறதக் கேக்கலாம்."

குட்டிக்கு வயிறு எரிந்தது. ஒரே கட்டளையில் அந்தக் குழாயை அடைத்துவிடலாம். ஆனால் அடைத்தால் என்ன ஆகும்? ஏதோ கோளாறு என்று சிரித்து மழுப்பிவிட்டு வேறு நாள் வாங்கிக்கொள்வார். அது போதாது. நாலு பேர் நடுவில் அவர் முகத்தில் கரி விழ வேண்டும். அதே இடத்தில் தன் பக்கத்தைக் காட்டி, சரக்கு யாருடையது என்று சபையறியச் சொல்ல வேண்டும்.

உட்கார்ந்து எழுதினாள். புதன் பதினொரு மணியிலிருந்து, மாமாவின் பக்கம் வந்து கேட்டால் மட்டும் எல்லா வண்டியும் போகுமிடம் 'சுடுகாடு'. வரும் நேரம் 'உங்கள் நேரம் வந்ததும்'. வேறு யார் கேட்டாலும் சரியான விவரம். எழுதி முடித்துத் தனியாகச் சிரித்தாள். அன்றைக்குத்தான் பல நாளுக்குப்பின் நன்றாகத் தூங்கினாள்.

புதன்கிழமை கூட்ட அறையில் எட்டுப் பேர். நடுவில் பெரிய அதிகாரி அம்மாள், ஓரத்தில் அக்காவும் குட்டியும். மாமா தொண்டையைச் செருமிக்கொண்டு, "ராப்பகலா உழைச்சு உருவாக்கினதுங்க," என்று ஆரம்பித்துப் பக்கத்தைத் திறந்தார்.

எட்டாம் நம்பர், சுடுகாடு. பன்னிரண்டாம் நம்பர், சுடுகாடு. பின் வரிசையில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். மாமாவின் முகத்தில் ஈயாடவில்லை. குட்டிக்கு உள்ளங்கால் வரை குளிர்ந்தது.

எழுந்து பேசுவதற்குமுன் தன் பக்கத்தைக் கைபேசியில் திறந்தாள். எட்டாம் நம்பர், சுடுகாடு.

கூட்டம் தாங்காது என்று போன வருடம் அவளே நடுவில் ஒரு கிடங்கை வைத்திருந்தாள். ஒருவர் கேட்டு வாங்கிய விவரத்தைப் பிரதியெடுத்து வைத்துக்கொண்டு, பத்து நிமிடம் வருகிற எல்லோருக்கும் அதையே கொடுக்கும். இன்றைக்குப் பதினொரு மணிக்குப்பின் முதலில் கேட்டது மாமாவின் பக்கம். கேட்பவருக்குத் தகுந்தாற்போல் தனித்தனிப் பிரதி வை என்று அந்தக் கிடங்கிடம் சொல்லியிருக்க வேண்டும். ஆத்திரத்தில் மறந்துபோனாள்.

மாமா அதற்குள் சுதாரித்துக்கொண்டார்.

"மேடம், இதுல என் தப்பு ஒண்ணுமே இல்லைங்க. இந்த நேரத்துல ஒண்ணுகூட நான் சேகரிக்கலை. மூணு வருஷமா எல்லாம் இதோ உக்காந்திருக்கற என் மச்சினிச்சி சேகரிக்கிறது. நான் அங்கேருந்து எடுத்துக் காட்டறேன், அவ்வளவுதான். அவளோட பக்கத்தையே வேணா தெறந்து பாருங்க."

அதிகாரி அம்மாள் திறந்தார். திரை முழுக்கச் சுடுகாடு. அக்கா தலையைக் குனிந்துகொண்டாள்.

"நானே வேண்டுமென்று செய்தேன்" என்று சொன்னால் வஞ்சகி. "தெரியாமல் நடந்தது" என்றால் வேலை தெரியாதவள். அதிகாரி அம்மாள் கண்ணாடியைக் கழற்றி அவளைப் பார்த்தார்.

"ஏம்மா, இந்த விவரமெல்லாம் உங்களுதுதானா?"

இந்தக் கேள்வியை யாராவது கேட்க மாட்டார்களா, இப்படி ஒரு சபையில், மாமா காதுபடக் கேட்க மாட்டார்களா என்றுதான் இத்தனை நாளாகத் தவித்துக்கொண்டிருந்தாள்.

"ஆமாங்க," என்றாள் குட்டி.