நூல் பிசகாத மூடி

காக்ரா என்னும் மொறுமொறு வட்ட ரொட்டியை அடுக்கி வைக்கும் டப்பாவில் முதலில் உடைவது மூடிதான். ராஜ்கோட்டில் எங்கள் பிளாஸ்டிக் கம்பெனி முதலாளி ஹஸ்முக் சேட், எதிர்க் கம்பெனிக்காரன் டப்பாவுக்கு மூடி மட்டும் செய்து விற்கலாம் என்று கிளம்பினார். அவன் மூடி ஒன்றை அச்சு வெட்டும் பிராக்ஜியிடம் நீட்டினார்.

"நூல் பிசகாம இதே அளவுல அச்சு வெட்டு."

"கொஞ்சம் பெருசா வெட்டணும் சேட். பிளாஸ்டிக் ஆறினா சுருங்கும்."

"எனக்கே பாடமா? சொன்னதைச் செய்யுய்யா!"

பிராக்ஜி சொன்னதைச் செய்தார். மெஷினில் பிளாஸ்டிக்கை உருக்கி அச்சில் ஊற்றி, ஆறி வந்த முதல் மூடியை எதிர்க் கம்பெனிக்காரன் டப்பாமேல் வைத்தோம். அது உள்ளே விழுந்தது.

"என்னய்யா இது?"

"நீங்க குடுத்த அளவுதான். வேணும்னா அச்சை அளந்து பாருங்க."

சேட் தாடையைச் சொறிந்தார்.

"அப்போ அவன் டப்பாவுக்கும் இதே மாதிரி நூல் பிசகாம அச்சு வெட்டு."

டப்பாவும் சுருங்கியது. மூடி கச்சிதமாகப் பொருந்தியது. காக்ராதான் உள்ளே போக மறுக்கிறது. ஆனால் இந்த அளவில் ஊரில் வேறெவனிடமும் டப்பா கிடையாது. அதனால் அடியில் பெரிய எழுத்தில் பொறித்திருக்கிறோம்: "எங்கள் சொந்த வடிவமைப்பு. காப்பி அடிக்காதீர்."